கல் பந்தைத் தண்ணீரில் சுழல விடுவது: முதல் பந்து செய்பவருக்கு

எங்கள் பட்டறை மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகும் ஜி.என்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது. மாதம் ஒருவராவது வந்து கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டுவார். பளபளவென்று ஒரு பெரிய கிரானைட் உருண்டை, அடியில் மெல்லிய தண்ணீர், ஒரு குழந்தை விரலால் தள்ள உருண்டை நின்ற இடத்திலேயே சுழல்கிறது. "அண்ணே, இது மாதிரி செய்யணும், எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடணும்?" என்பதுதான் முதல் கேள்வி.

மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டில் பழைய ஆட்டுக்கல் இருந்தால் போய்ப் பாருங்கள். வருடக்கணக்கில் மாவாட்டிய கல்லில் குழவியின் அடிப்பக்கமும் குழியும் ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றுக்காகவே மற்றொன்று பிறந்ததுபோல் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக் குழவியைக் கொண்டுவந்து அதே குழியில் போட்டால் கடகடவென்று ஆடும். சுழலும் பந்து நீரூற்றின் விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பந்து எவ்வளவு பெரிது, மோட்டார் எவ்வளவு பலம் என்பதெல்லாம் அப்புறம். பந்துக்கும் குழிக்கும் பொருத்தம் சரியாக இருந்தால் சின்ன பம்பே போதும். பொருத்தம் இல்லையென்றால் எந்த பம்பும் உதவாது.

பந்து மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கிரானைட் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம், அது மிதக்காது. குழியின் அடியிலிருந்து அழுத்தத்தோடு வரும் தண்ணீர், பந்துக்கும் குழிக்கும் நடுவில் தலைமுடி சில சேர்த்துவைத்த பருமனுள்ள படலமாகப் பரவி, பந்தைத் தாங்கிக்கொண்டு விளிம்பில் வழிகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்னாயர், ஃபான் டெர் வேலே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு மீட்டர் விட்டமுள்ள பந்தை அளந்து, 2014-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இது உண்மையில் ஒரு பெரிய பேரிங், எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் என்று அவர்கள் காட்டினார்கள்.

அந்தக் கணக்கில் பட்டறைக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடைவெளி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் வெளியேறும் தண்ணீர் எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. குழியை ஏனோதானோ என்று வெட்டிவிட்டுப் பெரிய மோட்டாரைத் தேடுபவர் எதோடு மோதுகிறார் என்பது இதிலேயே தெரியும்.

எந்த அளவில் ஆரம்பிப்பது

முதல் பந்து 30 செ.மீ. விட்டம் போதும். அதன் எடை சுமார் 38 கிலோ. இரண்டு பேர் பெல்ட் போட்டுத் தூக்கிவிடலாம். 60 செ.மீ. என்றால் விட்டம் இரட்டிப்புதான், எடை எட்டு மடங்கு, 305 கிலோ. ஒரு மீட்டர் பந்து 1.4 டன்னைத் தாண்டும். அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து விர்ஜீனியா அறிவியல் அருங்காட்சியகத்தில் 2.65 மீட்டர் விட்டத்தில் 29 டன் பந்து ஒன்று சுழல்கிறது. அது இரண்டாவது பந்து. முதலில் வைத்தது விரிசல் விட்டதால் 2005-ல் மாற்றினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி நடந்திருக்கிறது என்றால், கல்லைத் தேர்ந்தெடுப்பதில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்

மார்பிள் வேண்டாம். வெட்டச் சுலபமாக இருக்கும், ஆனால் ஓடும் தண்ணீரில் பளபளப்பு போய்விடும், ஒரு மணல் துகள் போதும் கோடு விழ. கிரானைட்டே எடுங்கள். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு நல்ல கல். ஒங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியில் பொன் புள்ளிகள் தண்ணீருக்கடியில் மின்னும், பார்க்க அழகு. பல்லாவரத்துச் சார்னக்கைட்டும் உறுதியானது. கல்கத்தாவில் ஜோப் சார்னக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். நரம்பு ஓடும் கல், பெரிய பெரிய வண்ணத் திட்டு உள்ள கல் இரண்டையும் முதல் பந்துக்குத் தவிர்த்துவிடுங்கள். காரணம் கடைசியில் வருகிறது.

வாங்கும்போது சுத்தியலால் ஆறு பக்கமும் தட்டிக் கேளுங்கள். சிற்பிகள் ஆண் கல், பெண் கல் என்று ஓசையை வைத்துப் பிரிப்பார்கள்; நமக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. எல்லா இடத்திலும் மணிபோல் ஒரே சத்தம் வருகிறதா என்பது போதும். ஒரு மூலையில் மட்டும் "டொக்" என்றால் உள்ளே ஹேர் கிராக் இருக்கிறது. அடுத்து, கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெயிலில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். மேல்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுதான் விரிசல். அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

குழிக்கான கல்லையும் அதே பிளாக்கிலிருந்து, அதே நாளில் வெட்டி வாங்குவது நல்லது. நிறமும் ஒத்துப்போகும், தேய்மானமும் ஒத்துப்போகும்.

கனசதுரத்திலிருந்து உருண்டைக்கு

30 செ.மீ. பந்துக்கு 32 செ.மீ. கனசதுரம் வேண்டும். அது 88 கிலோ இருக்கும், பந்து 38. மீதி 50 கிலோ தூளாகவும் சில்லாகவும் போகும். கனசதுரத்துக்குள் அடங்கும் உருண்டை அதில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம்தான். விலை பேசும்போது இதை மறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

மூலமட்டம் வைத்து ஆறு முகமும் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முகத்திலும், நான்கு ஓரங்களிலிருந்தும் 9.4 செ.மீ. உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள் (எந்த அளவுக் கல்லானாலும் பக்கத்தின் 0.293 பங்கு). இந்தக் கோட்டிலிருந்து அடுத்த முகத்தின் கோட்டுக்குச் சாய்வாக வெட்டினால் ஓரம் போய்விடும். பன்னிரண்டு ஓரங்களையும் இப்படி எடுத்துவிடுங்கள். இப்போது எட்டு மூலைகளில் மட்டும் கூம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3.6 செ.மீ. அதையும் சீவினால் 6, 12, 8 என்று மொத்தம் 26 முகம் உள்ள உருவம் கிடைக்கும். கண்ணுக்கே உருண்டைபோல் தெரிய ஆரம்பிக்கும். அதற்குமேல் உள்ள முனைகளைக் கப் வீல் போட்ட கிரைண்டரால் தட்டையாக்கிக்கொண்டே போகலாம்.

எல்லாம் ஈரமாகவே. கிரானைட் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போய்ப் படிந்தால் திரும்பி வராது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து இல்லை. பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கட்டும், முகத்தில் என்-95 முகக்கவசம், காதில் அடைப்பான். தண்ணீரும் கரண்டும் சேர்ந்து இருக்கும் இடம் என்பதால் லைனில் ஒரு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம். துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுவதை நம் ஆட்கள் இன்னும் விடவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதனால்தான் விலாவாரியாகச் சொல்கிறேன்.

வளையம் செய்யும் வேலை

இனி கண்ணையும் கையையும் நம்பி உருண்டை ஆக்க முடியாது. கோயில் தூண்களில் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும், கையை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அது சிற்பியின் கைத்திறன். ஆனால் அந்த உருண்டை உருண்டால் போதும். நம் பந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே குழியில் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும்.

உருண்டையை எங்கே வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டம்தான். வேறெந்த வடிவத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. ஆகவே ஒரு வட்ட வளையத்தைப் பந்தின்மேல் கவிழ்த்து, பந்தையும் வளையத்தையும் சுழற்றிக்கொண்டு, பந்தின் திசையை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால், வளையம் எல்லா இடத்திலும் முழுமையாகத் தொடும்வரை பந்து தேயும். அப்படி முழுமையாகத் தொட்டால் அது உருண்டையாகத்தான் இருக்க முடியும்.

30 செ.மீ. பந்துக்கு 8 இன்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் துண்டு சரியாக இருக்கும். வெளிவிட்டம் 219 மி.மீ., பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ முக்கால். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். வாய் நசுங்காததாகப் பார்த்து, லேத்தில் கொடுத்து விளிம்பைச் சரிசெய்து வாங்குங்கள். பந்தை மூன்று ரப்பர் சக்கரங்கள்மேல் உட்கார வைத்து, மேலே இருந்து வளையத்தை இறக்கி மெதுவாகச் சுற்ற விடுங்கள். நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் கலந்த கூழ். பொடி 36-ஆம் எண்ணில் ஆரம்பித்து 60, 120, 220, 400 என்று போகும். ஒவ்வொரு எண் முடிந்ததும் பந்து, சக்கரம், வளையம், வாளி, உங்கள் கை எல்லாவற்றையும் கழுவுங்கள். 36-ன் ஒரே ஒரு துகள் 220-க்குள் வந்தால் அரைநாள் வேலை போச்சு.

எப்போது போதும்? மெல்லிய தகட்டில் ஒரு வட்ட வளையம் வெட்டி வைத்துக்கொண்டு, பந்தின்மேல் எங்கே வைத்தாலும் அடியில் டார்ச் வெளிச்சம் கசியாமல் ஆகும்வரைக்கும் தேய்க்க வேண்டும். வெளிக் காலிபரால் இருபது முப்பது இடத்தில் விட்டம் எடுத்து எழுதுங்கள். பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.-க்குள் வந்தால் முதல் பந்துக்கு மிக நல்லது. 400-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாலிஷ் இப்போது வேண்டாம், பந்துக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது.

குழி

மனதார சொல்கிறேன், மொத்த நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

30 செ.மீ. பந்துக்குக் குழியின் வாய் 21 செ.மீ., ஆழம் 4.3 செ.மீ. பிளைவுட்டில் 15 செ.மீ. ஆரத்துக்கு ஒரு வில் வெட்டிக்கொண்டு, அதைச் சுழற்றிப் பார்த்துப் பார்த்துக் கிரைண்டரால் குடையுங்கள். வில்லுக்கு அரை மில்லிமீட்டர் குறைவாகவே நிறுத்துங்கள். மீதியைப் பந்தே செய்யும். கார்போரண்டம் கூழைக் குழியில் போட்டு, பந்தை அதற்குள் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து உருட்ட வேண்டும். இடம், வலம், முன், பின், திருகல் என்று ஒரே திசை இரண்டு தடவை வராமல். அம்மி கொத்துகிற பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறையில் இருந்தார், அவர் இதைச் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். குழிக்குள் எங்கே இன்னும் மேடு இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வார். முதலில் கரகரவென்று இருக்கும், பொருந்தப் பொருந்த உஸ்ஸென்று நீளமான ஒரே சத்தமாகிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோலத்துக்கு வைக்கும் காவியைத் தண்ணீரில் குழைத்துப் பந்தின்மேல் மெல்லிசாகப் பூசி, குழியில் வைத்து ஒரு திருகு திருகிவிட்டுத் தூக்குங்கள். குழியில் காவி பட்ட இடம் மேடு. திட்டுத் திட்டாக இல்லாமல் குழி முழுக்கச் சீராகக் காவி பட்டால் பொருத்தம் வந்துவிட்டது. காவியை எண்ணெயில் குழைக்காதீர்கள், கிரானைட் எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது.

பொருந்திய பிறகு குழியின் நடுவில் கோர் பிட் (கல்லில் வட்டமாகத் துளைக்கும் குழாய் பிட்) போட்டு ஒரு இன்ச் ஓட்டை. அதைச் சுற்றி 10 செ.மீ. விட்டத்தில், ஒரு செ.மீ. ஆழத்தில் உள்குழி ஒன்று எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் நானும் என் முதல் பந்தில் ஏமாந்தேன். பம்பு ஓடியது, பந்து அசையவே இல்லை. பந்து கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் தள்ளக் கிடைக்கும் இடம் அந்த ஒரு இன்ச் ஓட்டை மட்டும்தான், சுமார் 5 சதுர செ.மீ. அதை வைத்து 38 கிலோவைத் தூக்கச் சதுர செ.மீ.-க்கு 7.5 கிலோ அழுத்தம் வேண்டும். உள்குழி இருந்தால் 78 சதுர செ.மீ. கிடைக்கும், அரை கிலோ அழுத்தமே போதும். பந்து எழும்பித் தண்ணீர் குழி முழுக்கப் பரவிய பிறகு தேவை இன்னும் குறைந்துவிடும். காருக்கு டயரில் 30 பவுண்ட் காற்று அடிக்கிறோமே, அதில் கால் பங்குக்கும் குறைவு.

கடைசியாகப் பந்துக்குக் கண்ணாடிப் பாலிஷ். டைமண்ட் பேடுகளில் 3000 வரை போய், டின் ஆக்சைடு பொடி போட்டு முடியுங்கள். குழியின் விளிம்பைச் சற்று மழுக்கிவிட்டால் தண்ணீர் நூல் பிடித்ததுபோல் சீராக வழியும்.

தொட்டியும் பம்பும் தண்ணீரும்

இப்போது மோட்டார் கேள்விக்கு வரலாம். 30 செ.மீ. பந்துக்கு அரை ஹெச்.பி. சப்மெர்சிபிள், 8 முதல் 10 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) உள்ளது தாராளம். 60 செ.மீ. பந்துக்கு எடை எட்டு மடங்கு, குழியின் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே அழுத்தம் இரண்டு மடங்குதான் வேண்டும். குழாயில் ஒரு வால்வு, ஒரு பைபாஸ் (தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும், வால்வு வைத்த கிளைக்குழாய்), தண்ணீர் பின்னால் திரும்பாமல் இருக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. பம்புக்குப் பிறகு 100 மைக்ரான் ஃபில்டர் அவசியம், ஏனென்றால் தண்ணீர்ப் படலமே மணல் துகள் அளவுதான். ஒரு துகள் மாட்டினால் பந்து தானே தன்னைக் கீறிக்கொள்ளும்.

வடசென்னையில் தனியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல காலமாகிறது. திருவொற்றியூரிலும் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புதான். அதை ஊற்றினால் சில வாரத்தில் கருப்புப் பந்தின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படிவம் வரும், குழியிலும் படியும், பொருத்தம் கெடும். மெட்ரோ தண்ணீர், மழைநீர், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருவதால் அதிகம் செலவாகாது, ஆவியாவதை ஈடுகட்டினால் போதும். பீய்ச்சி அடிக்கிற நீரூற்றுபோல் மத்தியானக் கடற்காற்றில் சிதறவும் சிதறாது. கடலோரமானால் நட்டு, போல்ட், கிளாம்ப் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் போடுங்கள், 304 துருப்பிடிக்கும். தொட்டிக்கு மூடி போட்டு, தினம் சில மணி நேரமாவது ஓட விடுங்கள், கொசு முட்டையிட இடம் தராதீர்கள். பம்பையும் சுவிட்சையும் பள்ளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றதோ அதற்கு மேலே வையுங்கள்.

உட்கார வைத்து ஓட்டுவது

குழிக்கல்லை ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் சரியாக மட்டம் பார்த்துக் கான்கிரீட்டில் பதியுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அந்தப் பக்கமே வழிந்துபோகும், மறுபக்கம் கல்லும் கல்லும் உரசும். பந்து இல்லாமல் பம்பை ஓட்டிக் குழாய்க்குள் இருக்கும் சிமெண்ட் தூள், பிவிசி சீவல் எல்லாம் வெளியே வரும்வரை விடுங்கள்.

பந்தை இறக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. பெல்ட்டில் கட்டிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிவிடலாம், ஆனால் அடியில் மாட்டிய பெல்ட்டை எப்படி உருவுவது? கையை விட்டு உருவப் பார்த்தால் விரல் போய்விடும். நாங்கள் 60 செ.மீ. பந்து வைத்தபோது காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் பாளம் ஒன்று சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம். உடைத்து, கை அகலத் துண்டுகளாக நாலைந்தைக் குழிக்குள் சுற்றிவர வைத்து, அதன்மேல் பந்தை இறக்கினோம். 305 கிலோவும் ஐஸ்மேல் உட்கார்ந்தது. துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகப் பெல்ட்டை நிதானமாக உருவினோம். பிறகு யாரும் தொடாமல் காத்திருந்தோம். வெயிலில் ஐஸ் கரையக் கரைய, பந்து கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கி, சத்தமே இல்லாமல் தன் குழிக்குள் போய் அமர்ந்தது. விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

பம்பைப் போடும்போது பைபாஸை முழுக்கத் திறந்துவைத்து, மெதுவாக மூடிக்கொண்டு வாருங்கள். முதலில் ஒரு பக்கம் கசியும், பிறகு சுற்றிவரத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் உள்ளங்கையைப் பந்தின்மேல் வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வால்வை அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் தண்ணீர் விட்டால் பந்து நடுங்கும். கை தள்ளாமல் தானாகச் சுற்ற வேண்டுமென்றால் குழியின் ஓரத்தில் சாய்வாக ஒரு சின்ன ஓட்டை போட்டு, தனி வால்வோடு இன்னொரு குழாய் கொடுங்கள். அந்தத் தண்ணீர் பந்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, எல்லாம் செய்தும் ஒன்று நடக்கலாம். நீங்கள் எப்படித் தள்ளினாலும் பந்து கொஞ்சம் சுற்றி, தயங்கி, திரும்பி வந்து அதே பக்கம் மேலே இருக்கும்படி நின்றுவிடும். பொம்மைக் கடையில் தலையாட்டிப் பொம்மை நிமிர்வதுபோல. கல்லுக்குள் ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருப்பதுதான் காரணம். நரம்பும் திட்டும் உள்ள கல்லை வேண்டாம் என்றது இதற்குத்தான். இதைப் பாலிஷுக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். மட்டமான, கெட்டியான தரையில் பந்தை வைத்து மெதுவாக உருட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நல்ல பந்து. எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் ஆடி நின்றால், அந்தப் பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்துக்கொண்டு கல் வாங்கிய இடத்துக்கே போய் அடுத்த பிளாக்கைப் பாருங்கள். தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள், கனம் சரியாவதற்குள் உருண்டை கெட்டுவிடும். அந்தப் பந்தை வாசலில் அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் பட்டறை வாசலில் அப்படி ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்காருகிறார்கள்.